ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது

அன்புள்ள மகனே என்று தொடங்குவதுதான் வழக்கம். அன்பு இருக்கிறது, அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் இன்றைக்கு அதை முன்னால் நிறுத்தி எழுத எனக்கு மனம் வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன். மாசியில் உனக்குக் கல்யாணம், சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. இந்த நேரத்தில் பெற்ற பிள்ளையோடு யாராவது மல்லுக்கு நிற்பார்களா என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். "வுடும்மா, நல்லது நடக்கற நேரத்துல எதுக்கு?" என்கிறார். உன் வயதைவிட அதிக காலம் கடலூர் கோர்ட்டில் நின்று வாதாடியவள் நான். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். இதை உனக்கு மட்டும் அனுப்பவும் போவதில்லை. இணையத்துக்கு விதி எழுதுகிற உங்கள் குழுவில் எல்லாமே நாலு பேர் பார்க்கிற மாதிரிதான் நடக்கும், ஒளிவு மறைவு கிடையாது என்று பெருமையாகச் சொல்வாயே, நானும் அப்படியே நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். சிதம்பரத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாவிகளைப் பார்க்காமல் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது பரீட்சைக்காக. இன்றைக்கு நான் பார்க்க நினைத்தாலும் முடியாது என்பதால் அந்தப் பழக்கம் சோறு போடுகிறது. அடிக்கிற ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டர் என் காதில் படித்துச் சொல்கிறது. உன்னைத் திட்டுகிற இடத்தையும் அது அதே சாந்தமான குரலில் படிக்கிறது, அது ஒன்றுதான் குறை.

குறிஞ்சிப்பாடியில் நடந்த உன் நிச்சயதார்த்தத்திலிருந்தே தொடங்குகிறேன். தேன்மொழி வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்து ஜனமும் உட்கார்ந்திருந்தது. தாம்பூலத் தட்டுகள் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் சபையைப் பார்த்து, யாருக்காவது சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நம் பக்கங்களில் எல்லா நிச்சயதார்த்தத்திலும் கேட்பதுதான். பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தட்டு மாறிவிடும். அன்றைக்குப் பெண்ணின் தாய்மாமன், அந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், எழுந்தார். "தேதி எங்களுக்கு ஒத்து வராதுங்க. மாசி மகத்துக்கு எங்க பெருமாள் கிள்ளைக் கடலுக்குப் பொறப்படற நேரம். எங்க தெருவே அவரு பின்னாடி போயிடும். நாங்க யாரும் இல்லாம கல்யாணம் பண்ணலாம்னா பண்ணிக்கிங்க" என்றார். நம் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதே என்று உன் அப்பா என் காதில் புலம்பினார். ஆனால் தட்டைப் பிடித்திருந்தவர்கள் அதை மாற்றவில்லை, பாயில் இறக்கி வைத்தார்கள். மண்டபத்துக்காரரிடம் போனில் பேசி, ஒரு வாரம் தள்ளி வேறு முகூர்த்தம் பார்த்து, அதற்கும் அந்த மாமாவிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் தட்டு மாறியது. அப்புறம் அவர் நம் பந்தியிலேயே உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். யாருக்கும் யார் மேலும் பகை இல்லை.

சிதம்பரத்துக்குத் திரும்பி வரும்போது, புவனகிரி தாண்டும் நேரத்தில், அந்த மாமாவின் தைரியத்தை நீயே மெச்சினாய். அந்தப் பேச்சோடு பேச்சாக, ஏதோ சில்லறை விஷயம் போல, உங்கள் குழுவிலும் போன மாதம் இப்படித்தான் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள் என்றாய். எதற்கு என்று கேட்டேன். "அந்த வரிய கட்டாயம்னு இருந்ததுலேர்ந்து ஆப்ஷனல்னு மாத்திட்டாங்கம்மா. பெரிய மேட்டர் இல்ல" என்றாய். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நீ என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. சும்மா இருந்தேன்" என்றாய். வண்டியில் சம்பந்தி வீட்டார் இருவர் இருந்ததால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மரியாதைக்கெல்லாம் சேர்த்து இப்போது வாங்கிக்கொள்.

அந்த வரி எப்படிப் பிறந்தது என்று உனக்கு மறந்திருக்கலாம், இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். கண் அழுத்த நோய் முதலில் என் இடது கண்ணைத் தின்றது. வலது கண்ணில் சில காலம் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல உலகம் தெரிந்தது, பிறகு அதுவும் அடைத்துக்கொண்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை என் மேஜையில் போட்டுக் கொடுத்து, அதோடு வாழப் பழக்கியவன் நீ. அப்போதுதான் இந்த வலைத்தரம் என்ற சமாச்சாரத்தையே எனக்கு விளக்கினாய். பண்ருட்டியில் வாங்கிய பிளக் சிதம்பரத்துச் சுவரில் பொருந்துகிறது அல்லவா, அதுபோல எந்தக் கம்பெனி செய்த இணையப் பக்கமும் எந்தக் கம்பெனி செய்த பிரவுசரிலும் திறக்க வேண்டுமானால், எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிகள் வேண்டும் என்றாய். அந்த விதிகளை எந்த அரசாங்கமும் போடுவதில்லை, பல நாட்டு ஆட்கள் ஒரு குழுவாகக் கூடி வரைவு எழுதி, அதை எல்லோர் பார்வைக்கும் வைத்து, வரி வரியாகச் சண்டை போட்டு, ஒத்த கருத்துக்கு வருகிறார்கள் என்றாய். அதற்குப் பிறகும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிரவுசர்களாவது தனித்தனியாக அதைச் செய்துகாட்டி, ஒரே சோதனையில் தேறினால்தான் அது தரம் என்று முத்திரை பெறும் என்றாய். அதைப் பயன்படுத்த யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம் என்றபோது எனக்குப் புல்லரித்தது. சட்டப் புத்தகத்துக்கே விலை கொடுத்துப் பழகியவள் நான்.

அப்படியானால் இதற்கெல்லாம் செலவு யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். வக்கீல் புத்தி, அங்கேதான் போகும். பெரிய கம்பெனிகள் உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டுகின்றன, தங்கள் சம்பளத்தில் இருக்கிற ஆட்களையே குழுவுக்கு அனுப்புகின்றன, எப்போதாவது ஏதாவது அறக்கட்டளை நிதி கொடுக்கும், கம்பெனி பின்னணி இல்லாத தனி ஆட்கள் குழு அழைத்தால் கைக்காசைப் போட்டு வந்து உட்காரலாம் என்று சொன்னாய். எவன் சம்பளம் தருகிறானோ அவன் பேச்சைத்தானே அந்த ஆள் பேசுவான் என்றேன். சிரித்தாய். அதற்காகத்தான் தனி ஆட்கள் வேண்டும்மா என்றாய். நீயும் அப்படித்தான் போனாய், ஒரு பைசா வருமானம் இல்லாமல். முதல் கூட்டத்துக்கு வெளிநாடு போக டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான். வழியனுப்ப மீனம்பாக்கம் வரை வந்தேன், நீ எந்தக் கதவு வழியாக உள்ளே போனாய் என்றுகூடத் தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில்தான் அந்த வரியை நீ எழுதினாய். இணையதளங்கள் உள்ளே வருகிறவர் மனிதர்தானா என்று சோதிப்பதற்கான தரத்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தீர்கள். சிக்னல் விளக்கு இருக்கிற கட்டங்களை அமுக்கு, பஸ் இருக்கிற கட்டங்களை அமுக்கு என்று படம் காட்டிக் கழுத்தறுப்பார்களே, அந்தச் சோதனைதான். பார்வை தேவைப்படாத இன்னொரு வழியும் அதில் இருந்தே ஆக வேண்டும், அது கட்டாயம் என்று ஒரே ஒரு வரி. அதற்காக வாரக்கணக்கில் வாதாடினாய். அது வரைவில் ஏறிய அன்றைக்கு எனக்குப் போன் பண்ணி, "ம்மா, உன் வரி உள்ள போயிடுச்சு" என்றாய். என் வரி என்றுதான் சொன்னாய். நான் மறக்கவில்லை.

பிறகு அந்தக் கம்பெனி உன்னை வேலைக்கு எடுத்தது. இந்தச் சோதனைகளையே செய்து இணையதளங்களுக்கு விற்கிற கம்பெனி. குழுவில் எங்கள் சார்பில் உட்காரு, சம்பளமும் தருகிறோம், டிக்கெட்டும் தருகிறோம் என்றார்கள். நல்ல வேலை, விடாதே என்று நானும்தான் சொன்னேன், பார் அசோசியேஷனில் ஸ்வீட் கொடுத்தேன். அவர்களுக்கு என் வரி செலவு பிடிக்கிற வரி. படம் இல்லாத இன்னொரு சோதனையை எத்தனையோ மொழிகளில் செய்து, அதையும் திருடர்கள் உடைக்காமல் காப்பாற்ற வேண்டும். ஆகவே கட்டாயத்தைப் பரிந்துரையாக்கலாம் என்று குழுவில் யாரோ முன்மொழிந்தார்கள். யார் என்று நீ சொல்லவில்லை, குழுவின் குறிப்புகளிலும் பெயர் இல்லை, நானும் ஊகித்து எழுதமாட்டேன். குழுத் தலைவர் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார். ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள், மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. உன் மேனேஜர், இது நம் சண்டை இல்லை, ஒதுங்கி இரு என்றாராம். நீ ஒதுங்கினாய். அந்தக் குறிப்புகள் பொதுவில் இருக்கின்றன, நான் முழுக்கக் கேட்டேன். நீ சும்மா இருப்பதைப் பார்த்து மற்றவர்களும் சும்மா இருந்திருக்கிறார்கள். வரியை எழுதியவனே பேசவில்லையே, அவனுக்குச் சரியென்றால் நமக்கென்ன என்றுதானே நினைப்பார்கள்? ஸ்ரீமுஷ்ணத்து மாமாவுக்கு யோசிக்க ஒரு நிமிஷம் கூட இல்லை, எதிரே புதுச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்கள், தட்டு கையில் இருந்தது. உனக்கு ஒரு வாரம் இருந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அப்புறம் நான் போனில் கேட்டபோது சொன்னவைதானே. வரியை யாரும் எடுத்துவிடவில்லை, நல்லதென்று இன்னும் எழுதித்தான் இருக்கிறது என்றாய். எனக்குக் காது குத்தாதே. ஒரு விதியைக் கொல்ல அதை அடிக்கவே வேண்டாம், செய்தால் நல்லது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும் என்பது என் தொழிலில் முதல் வருஷத்து ஜூனியருக்கே தெரியும். அடுத்த பதிப்பில் மறுபடி கட்டாயமாக்கிவிடலாம் என்றாய். அடுத்த பதிப்புக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாய். எதிர்த்திருந்தால் என் இடத்தில் வேறு ஒருவனை உட்கார வைத்திருப்பார்கள், இடத்தைக் காப்பாற்றிக்கொண்டால்தான் நாளைக்கு நல்லது செய்ய முடியும் என்றாய். பேச வேண்டிய அன்றைக்குப் பேசாமல் காப்பாற்றிய நாற்காலியை வைத்துக்கொண்டு எதைச் செய்வாய்? அதைத் துடைத்து வைப்பாயா? நீ எதிர்த்தும் தோற்றிருந்தால், போய்த் தொலைகிறது என்று உனக்குப் பிடித்த கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்திருப்பேன். தோற்ற வழக்குகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆஜராகாமல் விட்ட வழக்கு ஒன்று கூட இல்லை.

பெரிய மேட்டர் இல்லை என்றாயே, போன வாரம் நடந்ததைக் கேள். பண்ருட்டியிலிருந்து ஒரு பெண், பாகப் பிரிவினை வழக்கு, அண்ணன்மார்கள் முந்திரித் தோப்பில் அவளுக்குப் பங்கே இல்லை என்கிறார்கள். மதியம் வாதம். காலையில் எதிர்த்தரப்பு ஒரு புதுத் தீர்ப்பைக் காட்டியது. அதற்கு மாற்றாக ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. கோர்ட் வராந்தாவில் நின்றபடியே, நான் சந்தா கட்டித் தீர்ப்புகளைத் தேடுகிற தளத்தைப் போனில் திறந்தேன். முதல் நாள் வரை பாஸ்வேர்டு போட்டால் திறந்துகொண்டிருந்த தளம், அன்றைக்குத் தீர்ப்பின் பெயரை அடித்ததும் படம் என்றது. வேறு வழியைத் தேடித் தேடி விரல் தேய்ந்தது, ஒன்றும் இல்லை. என் ஜூனியர் வேறு கோர்ட்டில் இருந்தாள். என் கட்சிக்காரப் பெண்ணுக்கு அந்தப் படம் புரியவில்லை, தடவித் தடவி ஏதோ அமுக்கினாள், தவறு என்று மறுபடி புதுப் படம் வந்தது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்தில் நின்றிருந்தவரை உதவி கேட்டேன். குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர். நல்ல பிள்ளை, மரியாதையாகச் செய்து கொடுத்தார். ஆனால் நான் எந்தத் தீர்ப்பைத் தேடுகிறேன் என்பது அவர் கண் முன்னால் திரையில் இருந்தது. மதியம் எதிர்த்தரப்பு என் தீர்ப்புக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தது. அது அவரால்தானா என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெண் வெளியே வந்து, "நீங்க ஏம்மா அவங்கள்ட்ட போயி கேட்டீங்க?" என்றாள். வக்கீலாக என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே அந்தத் தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். பேசிய பெண் பாவம், தன்மையாகத்தான் பேசினாள். புதுச் சோதனையைப் போட்டிருக்கிறோம், பார்வை இல்லாதவர்களுக்கான வழியை எங்கள் ஆட்கள் சேர்க்கவில்லை என்றாள். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "அது கட்டாயம் இல்லீங்க மேடம். ஸ்டாண்டர்டுலயே ஆப்ஷனல்னுதான் போட்டிருக்குன்னு டெக்னிகல் டீம்ல சொல்றாங்க" என்றாள். தரம் இன்னும் முத்திரை பெறவில்லை, வரைவுதான். ஆனால் யாரும் முத்திரைக்காகக் காத்திருப்பதில்லை, வரைவைப் பார்த்தே செய்துவிடுகிறார்கள் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். ஒரு தரம் ஊரில் இறங்குவது இப்படித்தான். எங்கோ ஒரு குழுவில் ஒரு வார்த்தை தளர்கிறது, சோதனைக் கருவிகள் செய்கிறவன் அந்த வேலையை மிச்சம் பிடிக்கிறான், அவனிடம் வாங்குகிறவன் தரத்திலேயே இல்லையே என்று கையை விரிக்கிறான், கடலூரில் ஒருத்தி கோர்ட் வராந்தாவில் எதிராளியிடம் போனை நீட்டுகிறாள். இன்றைக்கு இந்தத் தளம். நாளைக்கு பேங்க், மருந்துக் கடை, பஸ் டிக்கெட் என்று எல்லாக் கதவிலும் இந்தப் படம் வந்து நிற்கும். யாரையாவது கூப்பிட்டுத்தான் நான் ஒவ்வொன்றுக்குள்ளும் போக வேண்டும். இன்னும் நாலு கட்சிக்காரர்கள் அந்தப் பெண் கேட்டதைக் கேட்டால், நான் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கண் போனபோது கூட நான் அப்படி நினைத்ததில்லை. அந்த எண்ணத்தை எனக்குக் கொடுத்தது நீ.

அழுதேன். இதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பானேன். அழுது முடித்தபின் வக்கீல் மூளை வேலை செய்தது. உங்கள் குழுவின் விதிகளைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைத்துக் கேட்டேன். முத்திரை குத்துவதற்கு முன்னால் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், ஆட்சேபிக்கலாம். அவர் உறுப்பினராக இருக்க வேண்டாம், கம்பெனியாக இருக்க வேண்டாம். வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் குழு காரணத்தோடு எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதை இன்னும் யாரும் ஆப்ஷனல் ஆக்கவில்லை. ஆகவே நேற்று நான் என் ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டேன். கோர்ட்டில் நடந்ததை, கட்சிக்காரர் பெயரை மட்டும் விட்டுவிட்டு, நடந்தபடியே எழுதியிருக்கிறேன். கீழே என் பெயர், வழக்கறிஞர், கடலூர் என்று போட்டிருக்கிறேன். உன் அம்மா என்று எங்கும் போடவில்லை. இன்று காலை குழுவின் ஆட்சேபணைப் பக்கத்தைத் திறந்தபோது, இந்த ஆட்சேபணைக்குப் பதில் எழுதும் பொறுப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் படித்துச் சொன்னது. வரியை முதலில் எழுதியவர் என்ற முறையில் உனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கல்யாண வேலைகளில் ஒரு குறையும் வராது. தேன்மொழிக்குக் கூரைப் புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன், நீ கவலைப்படாதே. அவள் வீட்டார் முன்னால் உன்னை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அங்கே, அந்தப் பக்கத்தில், எனக்குப் பதில் எழுதும்போது மகனாக எழுதாதே, கம்பெனிக்காரனாகவும் எழுதாதே. சரி என்று நினைத்தால் சரி என்று எழுது, தவறு என்று நினைத்தால் என் வாதத்தை உடை. மறுபடி சும்மா மட்டும் இருந்துவிடாதே.

இன்னும் ஒன்று. ஆட்சேபணையைப் பதிவு செய்ய உங்கள் குழுவின் தளத்தில் முதலில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். கடைசியில் படம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவருடைய மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து உன் அப்பாவை வரச் சொன்னேன். அவருக்கு இந்தச் சண்டையே பிடிக்கவில்லை, முனகிக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சிக்னல் இருக்கிற கட்டத்தை அமுக்கு என்றதாம். "வெறும் கம்பம் மட்டும் தெரியுது, இத்த அமுக்கணுமா வாணாமா?" என்று என்னைக் கேட்டார், என்னைப் போய். அமுக்கினார், தவறு என்றது. மறுபடி அமுக்கினார், மறுபடி தவறு. எத்தனை தடவையோ போனபின் ஒரு வழியாகத் திறந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தினம் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம், இனிமேல் இப்படித்தான் என்றேன். பிறகு மெதுவாக, "இத்தயா நம்ம புள்ள சரின்னு வுட்டான்?" என்று கேட்டார்.

அதை அவர் கேட்டபடியே இங்கே அடித்து வைத்திருக்கிறேன். அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை.

ஆட்சேபணையோடு,
உன் அம்மா